தப்புத் தேடாமல் பார்ப்பவள்

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை அவளைத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது "அட, நம்ம ஆளு" என்பார்கள். அடுத்த நிமிடம் என்னையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுக்காகத்தான் பெயரை மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்காகத்தான் மறைக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருடம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான் இன்சார்ஜ். பெயர்தான் பெரிது. மெஷினிலிருந்து வரும் இரும்பு பீஸ்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருக்கிறதா, ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். சரியாக இருந்தால் அவரவருக்குக் கொடுத்த நிறத்தில் ஒரு பெயிண்ட் பொட்டு வைத்து டிரேயில் அடுக்குவோம். தப்பு இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவோம். எனக்கு நீலப் பொட்டு, அவளுக்குப் பச்சை. பச்சைப் பொட்டு வைத்த பீஸை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று டிஸ்பாட்ச் ஆட்களே சொல்வார்கள்.

என்னைவிட ஆறு வயது சின்னவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மகளோடு மேனாம்பேட்டில் ஒற்றை ரூம் வாடகை வீட்டில் இருந்தாள். எங்களைப் போலவே பித்தளைச் செயினும் பிளாஸ்டிக் டிபன் டப்பாவுமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் வேறு மாதிரி. அவள் படம் சேர்த்தாள்.

படம் என்றால் சாமி படமோ காலண்டர் படமோ இல்லை. யாராவது உட்கார்ந்து கையால் வரைந்த படம். அதெல்லாம் பங்களாக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நான் நினைத்திருந்தேன். இவளோ பொங்கலுக்குப் புடவை எடுக்காமல் படம் வாங்குவாள். கல்லூரிப் பிள்ளைகள் கண்காட்சி போட்டால் லீவு போட்டுவிட்டுப் போவாள். எங்கள் ஷெட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் சாப்பாட்டு நேரத்தில் அடுப்புக்கரியால் அட்டையில் ஒரு நாயை வரைந்தார். மணல் குவியல் மேல் ஒரு காதை மட்டும் தூக்கிக்கொண்டு தூங்குகிற நாய். அதைப் பார்த்ததும் தன் டிபன் டப்பாவை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, இத எங்க ஆரம்பிச்சீங்க?"

"எங்கன்னா? இங்கதாம்மா, மரத்தாண்ட குந்திகினு."

"அது இல்லண்ணே. படத்துல எந்த எடத்துல மொதல்ல கைய வெச்சீங்க?"

கொத்தனார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அந்தக் காதுல" என்றார். அந்த நாய் அன்றைக்கே அவளோடு வந்துவிட்டது. யாரிடம் படம் வாங்கினாலும் இந்தக் கேள்வியை அவள் கேட்காமல் விட்டதில்லை. பதிலை மட்டும் எங்களிடம் சொல்ல மாட்டாள். "நீயே பாத்து சொல்லுக்கா" என்பாள்.

சேர்த்த படங்களை மாட்ட அவளுக்குச் சுவர் இல்லை. வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும், அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே வீட்டுக்காரம்மா ஆணியைப் பற்றிப் பேசிவிடுவார். "சொவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்." இவளுக்கு வாய்த்தவர் மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிற ரகம். டேப் போட்டு ஒட்டிப் பார்த்தாள், மழைக்காலத்து ஓதத்தில் விழுந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் வைத்தால் கரப்பான். கடைசியில் பழைய மேனேஜரிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர். இன்ஸ்பெக்‌ஷன் ரூமின் பின்பக்கச் சுவர் சும்மாதானே இருக்கிறது, மாட்டிக்கொள் என்றார். கான்கிரீட் ஆணியும் சுத்தியலும் டூல் ரூமிலிருந்து தானே வாங்கி வந்து, ஒவ்வொன்றாக அடித்து, கண்ணாடி ஃபிரேம் போட்ட படங்களை மாட்டினாள். போகப் போக அந்தச் சுவரில் பதினோரு ஆணி ஆகியிருந்தது.

டீ நேரம் பத்து நிமிடம். நாங்கள் ஊர்க் கதை பேசுவோம். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படத்துக்கு எதிரே நின்றுவிடுவாள். ஒரு நாளைக்கு ஒரு படம்தான்.

"இன்னாடி அப்படிப் பாக்கறே, சொவத்துல சினிமாவா ஓடுது?" என்பேன்.

"இருக்கா, ரெண்டு நிமிஷம்" என்பாள், திரும்பாமல்.

அந்த இரண்டு நிமிடத்தில் யார் கூப்பிட்டாலும் அவள் திரும்ப மாட்டாள். ஒரு தடவை பழைய மேனேஜரே பின்னால் வந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே "ஒரு நிமிஷம் சார்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன். அன்றைக்கு அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"காலைலேர்ந்து சாய்ங்காலம் வரைக்கும் தப்பத் தேடிகினே கீறோம்க்கா. ஊட்டுக்குப் போனாலும் அதே கண்ணுதான். கொழம்புல உப்பு கம்மி, பொண்ணுக்கு சடை கோணல், எதுத்த ஊட்டு கோலம் கோணல். தப்புத் தேடாம பாக்கறதுக்கு ஒண்ணாச்சும் வேணும்ல? இல்லன்னா கண்ணு கெட்டுப்பூடும்."

"அதுக்கு சாமி படம் கீதே."

"சாமிகிட்ட நாம வேண்டிக்கறோம். எங்கக்கா பாக்கறோம்?"

டீ முடிந்து டேபிளுக்கு வந்தால் அவள் கண் பளிச்சென்று இருக்கும், அது மட்டும் நிஜம். மாலை நான்கு மணிக்கு மேல் எங்கள் எல்லோருக்கும் கண் மங்கி, பீஸும் பெஞ்சும் ஒன்றாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் அவள் மற்றவர்கள் விட்டதைப் பிடிப்பாள்.

சனிக்கிழமை தோறும் ஒரு படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கட்டைப் பையில் போட்டு யாராவது ஒருவரிடம் கொடுத்து அனுப்புவாள். ஒரு வாரம் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும், அடுத்த சனிக்கிழமை திரும்பி வர வேண்டும். படத்தின் முதுகில் எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் சீட்டையே ஒட்டிவைத்திருந்தாள். தேதி, பார்த்தவர், குறிப்பு என்று அதில் மூன்று கட்டம் இருக்கும். நாங்கள் விரிசல் என்றும் ஓட்டை என்றும் எழுதுகிற குறிப்புக் கட்டத்தில், என்ன பார்த்தோம் என்று எழுதச் சொல்வாள்.

முதலில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பிறகு எழுதினார்கள். கேன்டீன் அம்மா நாய்ப் படத்தின் பின்னால், "எங்க ராஜாவும் இப்படித்தான் தூங்குவான். மறுபடி நாய் வளர்க்கலாம்னு தோணுது" என்று எழுதியிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பி, "சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். ரெண்டு பேரும் இதையே பார்த்தோம். அப்புறம் அவதான் முதல்ல பேசினா" என்று எழுதியிருந்தான். நான் மட்டும் எடுத்துப் போனதில்லை. எங்கள் முகப்பேர் ஃபிளாட்டில் சொந்தச் சுவர் நாலு இருந்தது, ஆணியும் இருந்தது. எனக்குத்தான் மனசில்லை.

இனிமேல்தான் என் வண்டவாளம்.

எனக்கு வலது கண்ணில் பார்வை குறைய ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவளுக்குக் கண் போனால் வேலை போன மாதிரி. வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லி டியூப் லைட்டை மாற்றச் சொன்னேன், இரண்டு தடவை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "ஒரு தபா கண்ணு காட்டிட்டு வாக்கா" என்று தனியாக இருக்கும்போது சொன்னாள். "உன் வேலையப் பாருடி" என்றேன்.

அப்புறம் ஒரு நாள் லாரி கிளம்பும் நேரத்தில், நான் பொட்டு வைத்து அடுக்கிய டிரேயிலிருந்து ஒரு பீஸை அவள் எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். "அக்கா, இது இன்னா பாரு" என்று மேஜை மேல் வைத்தாள். அதே டிரேயில் இன்னும் மூன்று. மூன்றும் நீலப் பொட்டு, மூன்றிலும் விரிசல். அப்போதுதான் மாறி வந்திருந்த புது மேனேஜர் பின்னாலேயே நின்றிருந்ததை அவள் பார்க்கவில்லை. அவர் ஒரு பீஸை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்சார்ஜுக்கே கண்ணு தெரியலைன்னா மத்தவங்கள என்னன்னு கேக்குறது?" என்றார். ரூமில் ஒன்பது பேர் இருந்தோம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அவள் மேல் தப்பில்லை. அந்த பீஸ் ஓடுகிற வண்டியில் மாட்டியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அவளோடு நான்கு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, கட்டைப் பையோடு என்னிடம் வந்தாள். "புதுசுக்கா. இன்னும் சொவத்துல கூட மாட்டல. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு. தெனம் பஸ்சுல போற காலேஜ் பொண்ணு வரஞ்சது. நீ வெச்சிக்க. ஒரு வாரம்னு இல்ல, எத்தினி நாள் வேணாலும் வெச்சிக்க" என்றாள். சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. வாங்கிக்கொண்டேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

வீட்டுக்குப் போய் வெளியே எடுத்தேன். ஒரு பஸ், முட்டி மோதி ஏறுகிற ஜனம். ஓரமாக, ஜன்னல் பக்கம் வெள்ளையாக ஏதோ சிந்திய மாதிரி இருந்தது. உடனே முதுகைத் திருப்பி, சீட்டில் முதல் ஆளாக என் பெயரை எழுதி, குறிப்புக் கட்டத்தில் "வலது ஓரம் வெள்ளைக் கறை. ரிஜெக்ட்" என்று எழுதினேன். எழுதும்போது ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். படத்தை பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

அடுத்த வாரம், கட்டிக்கொடுத்திருந்த அவள் மகளுக்குப் பிரசவம். பத்து நாள் லீவில் போனாள்.

அந்தப் பத்து நாளுக்குள் ஆடிட்டு வந்தது. வெளிநாட்டு கஸ்டமர் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கம்பெனி முழுக்க ஒழித்துத் துப்புரவாக்கினார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குத் தேவையில்லாத எந்தப் பொருளையும் அந்தப் பகுதி இன்சார்ஜ் பார்த்து, அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்ட வேண்டும். பொருள் என்ன, யாருடையது, தேவையா இல்லையா என்று அதில் எழுத வேண்டும், அதன் நகல் ஃபைலுக்குப் போகும். சீட்டுக் கட்டிய பொருளை வெளியே சிவப்புக் கோடு போட்ட இடத்தில் ஏழு நாள் வைப்பார்கள். சொந்தக்காரர் வந்து "என்னுடையது" என்றாலோ இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டாலோதான் திருப்பித் தருவார்கள். வராவிட்டால் ஏழாம் நாள் ஸ்கிராப் லாரி.

புது மேனேஜர் பின்பக்கச் சுவரைக் காட்டி, "இதெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"படம் சார்" என்றேன்.

"வேலைக்குத் தேவையா?"

ஆமாம் சார், எங்களுடைய கண்ணுக்குத் தேவை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும் கூட. அதைச் சொல்லாவிட்டாலும், "அது அவங்களோடது சார், லீவுல இருக்காங்க, நான் என் ஊட்டுக்கு எடுத்துனு போறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். ஆட்டோவில் ஒரு தடவை போனால் முடிகிற வேலை. நான் சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்தேன். பதினோரு சீட்டு, என் கையால் எழுதினேன். பொருள்: படம். தேவையா: இல்லை. யாருடையது என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். ஒரு முறை இல்லை, பதினோரு முறை.

அன்றைக்கு என்ன நினைத்தேன் என்றால், ஆடிட்டு முடியட்டும், அப்புறம் எடுத்து ஸ்டோர் ரூமில் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதுவரை சொன்னதைத்தான் நான் இத்தனை வருடமும் என் வீட்டில், என் தங்கையிடம், எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். சொல்லிவிட்டு, "அப்புறம் வேல மும்மரத்துல மறந்தேபூட்டேன்" என்று முடிப்பேன்.

நான் மறக்கவில்லை. ஆறாம் நாள் மதியம் டீ வாங்கப் போகும்போது சிவப்புக் கோட்டுக்குள் படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். மேலே அந்த நாய் இருந்தது. நாளைக்கு லாரி வரும் என்று தெரியும். நின்றேன். போன் கையில் இருந்தது, அவள் நம்பர் அதில் இருந்தது. என் ஒரு கையெழுத்துப் போதும், மொத்தத்தையும் உள்ளே கொண்டுபோய்விடலாம். "இன்சார்ஜுக்கே கண்ணு தெரியலைன்னா" என்ற குரல் காதில் கேட்டது. டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் லாரி வந்தது. கண்ணாடி உடைகிற சத்தம் இன்ஸ்பெக்‌ஷன் ரூம் வரைக்கும் கேட்டது. நான் தலை தூக்கவில்லை.

அவள் மிட்டாய் டப்பாவோடு திரும்பி வந்தாள். பேத்தி பிறந்திருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு டீ நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, வெள்ளை அடித்திருந்தார்கள்.

"எங்கக்கா?"

"ஆடிட்டுடி. மேல சொல்லிட்டாங்க. ஏழு நாள்ல எடுத்துடலாம்னு இருந்தேன், மறந்தே பூட்டேன்."

"மறந்துட்டியா?"

"ஆமாடி."

என் முகத்தை இரண்டு நொடி பார்த்தாள். விரிசலைத் தேடுகிற பார்வை அது. பிறகு, "சரி வுடு. ஆடிட்டு நேரத்துல நீ இன்னா பண்ணுவே" என்றாள். என் கையில் இரண்டாவதாக ஒரு மிட்டாயும் வைத்தாள்.

அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பட்டரைவாக்கம் பக்கம் உள்ள பழைய சாமான் கடைகளில் தேடியிருக்கிறாள். கேன்டீன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே ஒரு வெற்று ஃபிரேம் கிடைத்ததாம். உள்ளே இருந்த அட்டையை யாரோ எதற்கோ உருவிவிட்டிருந்தார்கள்.

டீ நேரத்தில் அதன் பிறகும் சுவருக்கு எதிரே போய் நிற்பாள். வெள்ளைச் சுவர். நான் எதுவும் சொல்ல மாட்டேன், யாரும் கிண்டலும் செய்ய மாட்டார்கள். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து சீரியல் கதை பேச ஆரம்பித்தாள். மற்றவர்களைப் போலவே அவளும் நான்கு மணிக்குக் கண்ணைக் கசக்கினாள். மூன்று மாதம் கழித்து, கஸ்டமரிடமிருந்து ஒரு பீஸ் திரும்பி வந்தது. விரிசல். பச்சைப் பொட்டு.

அவளை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மாற்றல் தாளில் இன்சார்ஜ் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். "பேக்கிங்ல கண்ணு வேணாம்க்கா, கை போதும்" என்று சிரித்தாள். அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு மகளோடு பருத்திப்பட்டுக்குப் போய்விட்டாள். நான் என் நாற்காலியிலேயே இருந்து ரிட்டையர் ஆனேன்.

பஸ் ஸ்டாண்ட் படத்தை அவள் கேட்கவே இல்லை. நானும் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனால் மற்றதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும் அல்லவா? எட்டு வருடம் அது பீரோவுக்குப் பின்னாலேயே கிடந்தது.

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு வாரம் டி.வி. கூடாது, போன் கூடாது, குனியக் கூடாது. நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மருமகள் பீரோவை நகர்த்திச் சுத்தம் செய்தாள். படத்தைத் தூசி தட்டி, என் எதிரே ஷோகேஸ் மேல் சாய்த்துவைத்துவிட்டு, "அத்தை, இது யாரோடது?" என்றாள். தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

வேறு வேலை இல்லாததால் பார்த்தேன். முதல் நாள் பஸ், ஜனம். இரண்டாம் நாள், படியில் தொங்குகிறவனின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மூன்றாம் நாள் கண்ணில் போட்டிருந்த கட்டு அவிழ்த்த பிறகு, அந்தக் கண்ணால் பார்த்தபோது வெள்ளை நிஜ வெள்ளையாகத் தெரிந்தது. அது கறை இல்லை. வெளியே கும்பலில் நிற்கும் ஒரு பெண்ணின் கை ஜன்னல் வழியாக நுழைந்து, சீட்டில் ஒரு கைக்குட்டையைப் போடுகிறது. நாம் எல்லோரும் செய்வதுதான். அவள் பார்வை சீட்டின் மேல் இல்லை, பின்னால் யாரையோ தேடுகிறது. தனக்காக இடம் போடவில்லை. இதைத்தான் கறை என்று எழுதிவைத்திருந்தேன். அன்றைக்கு மருந்து ஊற்றாமலே கண்ணில் தண்ணீர் வந்தது.

கேன்டீன் அம்மாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மகள் கட்டிய சின்ன வீடு. கதவைத் திறந்ததும், "வாக்கா! கண்ணு பண்ணிக்கினியா? அப்பா, இப்பவாச்சும் பண்ணிக்கினியே" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். முடி நரைத்திருந்தது, மற்றபடி அப்படியே இருந்தாள். சொந்தச் சுவரில் நான்கு படம் மாட்டியிருந்தாள், நான்கும் புதுசு. நடுவில் ஒரு ஆணி மட்டும் காலியாக இருந்தது.

"அது இன்னாடி, வெறும் ஆணி?"

"உன்னாண்ட ஒண்ணு கீதுல்ல? நீ என்னிக்காச்சும் எடுத்துனு வருவேன்னு அடிச்சி வெச்சேன்."

கட்டைப் பையை நீட்டினேன். வாங்கியதும் முதலில் முதுகைத் திருப்பிப் படித்தாள். எனக்கு உடம்பு கூசியது. "ரிஜெக்ட்டா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, "சரி, இப்ப சொல்லு. இத வரஞ்ச பொண்ணு எங்க ஆரம்பிச்சா?" என்றாள்.

"அந்தக் கைக்குட்டைல."

அவள் முகம் மலர்ந்ததைச் சொல்லத் தெரியவில்லை. "பாத்துட்டியேக்கா" என்றாள். பேனாவைக் கொண்டுவந்து கொடுத்து, சீட்டில் புதிதாக எழுதச் சொன்னாள். பழைய வரிக்குக் கீழே எழுதினேன். அத்தோடு காபி குடித்துவிட்டு, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கொஞ்சு கொஞ்சிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

"செவப்பு சீட்டு எழுதினது நான்தான்டி" என்றேன்.

"தெரியும்க்கா. அன்னிக்கே ஃபைல்ல பாத்துட்டேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவசரத்துல எழுதிட்டு அப்புறமா மறந்துட்டே. யாருக்கும் வர்றதுதான்."

"மறக்கலடி. ஆறாம் நாளு பாத்தேன். லாரி வரும்னும் தெரியும். வேணும்னேதான் வுட்டேன்."

சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். காபி கலக்கவில்லை.

"மறந்துட்டேன்னு சொன்னே. நம்பிகினு இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. படத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை விரலால் தள்ளிச் சரி செய்தாள். இரண்டடி பின்னால் வந்து, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பார்க்க ஆரம்பித்தாள்.

நான் உட்காருவதா போவதா என்று தெரியாமல் நின்றேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கும். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் வர்றேன்டி" என்றேன்.

"ம்" என்றாள். திரும்பவில்லை.

படத்தைப் பார்க்கும்போது அவள் யாருக்கும் திரும்ப மாட்டாள். அதனால் திரும்பவில்லையா, சொன்னது நான் என்பதால் திரும்பவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது, ஜன்னல் சீட்டே காலியாக இருந்தது. முகப்பேர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.